கெட்டில் கரியடுப்பைப் புகையடுப்பாக்குவது எப்படி

அமெரிக்காவின் டெக்சாஸிலும் கரோலினா மாநிலங்களிலும் மாட்டின் நெஞ்சுக்கறியையும் பன்றியின் தோள்கறியையும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இளஞ்சூட்டில், மரப்புகையில் கிடத்தி வேகவைப்பார்கள். அதற்கென்றே செய்த புகையடுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அங்கே குடியேறிய நம்மவர் பலருடைய கொல்லையில் ஏற்கெனவே நிற்பது, மூன்று காலும் உருண்டை வயிறும் வட்ட மூடியும் கொண்ட கெட்டில் கிரில்தான். சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன், நீர்நிலைகளில் விடும் மிதவைகளுக்காக அங்கே செய்யப்பட்ட இரும்பு அரைக்கோளங்களைக் கொண்டு 1952இல் இந்த வடிவத்தை உருவாக்கினார். காற்றும் மழையும் கரி நெருப்பைக் கெடுக்காமல் காப்பதற்கு அந்த வடிவம் மிகவும் பொருத்தமானது. ஆனால் 110 டிகிரி சூட்டைப் பத்து மணி நேரம் அசையாமல் பிடித்து வைக்க வேண்டுமானால், அதில் சில மாற்றங்களைச் செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அந்த மாற்றங்களை எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. முதல் நாளே டிரில்லைக் கையில் எடுப்பவர்கள் தேவையில்லாத இடத்தில் துளையிட்டுவிட்டு, தேவையான இடத்தை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

இக்கட்டுரையில் வரும் சூட்டு அளவுகள் எல்லாம் செல்சியஸில் உள்ளவை. அமெரிக்க அடுப்புகளின் மூடியில் இருக்கும் மானி பாரன்ஹீட்டில் காட்டும். நமக்கு வேண்டிய 107 முதல் 135 டிகிரி வரையிலான எல்லை, அதில் 225 முதல் 275 வரை என்று தெரியும்.

இளஞ்சூடும் காற்றும்

உழைத்த தசையில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் நிறைய இருக்கும். கறியின் உட்சூடு 70 டிகிரியைத் தாண்டிய பிறகே அது நிதானமாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. அந்த மாற்றம் முழுமையாக நடக்கப் பல மணி நேரம் ஆகும். அடுப்பின் சூடு அதிகமாக இருந்தால், உள்ளே கொலாஜன் கரைவதற்கு முன்பே வெளிப்புறம் காய்ந்து கருகிவிடும். ஆகவே நீண்ட நேரம் சூட்டைத் தணித்து வைப்பதுதான் முழு வித்தையும்.

சூட்டைத் தணிப்பது என்றால் கரியைக் குறைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். கரியின் அளவு நெருப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை முடிவு செய்யும். அது எவ்வளவு சுடும் என்பதைக் காற்று முடிவு செய்யும். குமுட்டி அடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயில் விசிறினால் கங்கு சிவக்கும். வாயை அடைத்தால் நீறு பூத்து உறங்கும். இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போடுபவர்கள் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, துளைகளைத் திறந்தும் அடைத்தும் நாள்கணக்கில் தீயை நடத்துவதும் இதே கணக்கில்தான். கெட்டில் அடுப்பில் உள்ள குறை என்னவென்றால், கீழே ஒரு துவாரத் தொகுதியும் மூடியில் ஒரு துவாரமும் இருந்தாலும், அவற்றைத் தவிர நமக்குத் தெரியாத வழிகளிலும் காற்று நுழைந்துகொண்டே இருக்கும். மூடி உட்காரும் விளிம்பிலும், கீழ்த்துவாரத்தின் தகடுகள் கலத்தோடு ஒட்டாத இடுக்கிலும், அந்தத் தகடுகளைத் திருப்பும் அச்சு நுழையும் ஓட்டையிலும் கசிவு இருக்கும். நாம் திறந்துவிட்ட காற்றைவிடத் திருட்டுக் காற்று அதிகமாகிவிட்டால், துவாரத்தை எவ்வளவு திருகினாலும் சூடு இறங்காது. பின்வரும் எல்லா வேலைகளுக்கும் நோக்கம் ஒன்றே: நாம் அனுமதித்த வழியில் மட்டும் காற்று வர வேண்டும், வந்த காற்று கரியைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

துளையிடாமல் செய்யும் முதல் வேலைகள்

முதலில் அடுப்பைச் சுத்தம் செய்யுங்கள். மூடியின் உட்புறத்தில் கறுப்பாக உரிந்து தொங்குவதைப் பார்த்துப் பெயின்ட் உரிகிறது என்று பயப்பட வேண்டாம். இவ்வகை அடுப்புகளுக்கு இருப்பது பீங்கான் பூச்சு. உரிவது கருகிப் படிந்த புகையும் கொழுப்பும். கறிமேல் விழாதபடி அதைச் சுரண்டி எடுத்தால் போதும். விளிம்பில் படிந்த பிசினை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓரளவுக்கு அதுவே கசிவை அடைக்கிறது.

அடுத்து, கீழ்த்துவாரத்துக்கு அளவுக்குறி போட வேண்டும். பெரும்பாலான கெட்டில் அடுப்புகளில் கீழே மூன்று தகடுகள் ஒரே பிடியில் சுழலும். பிடி எங்கே நின்றால் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அடுப்பு காலியாக இருக்கும்போது உள்ளே குனிந்து பார்த்து, முழுவதும் மூடிய நிலை, ஒரு பென்சில் நுழையும் நிலை, கால்வாசி, அரைவாசி, முழுவதும் திறந்த நிலை ஆகிய ஐந்துக்கும் பிடி நிற்கும் இடத்தில் சூடு தாங்கும் பெயின்டாலோ கீறலாலோ ஒரு குறி போடுங்கள். இதற்குக் காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். குறி இல்லாத துவாரத்தை வைத்துக்கொண்டு இளஞ்சூடு பிடிப்பது, எண் இல்லாத தராசில் பொன் நிறுப்பது போன்றது.

மூன்றாவதாக, நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்க வேண்டும். ஒரு கம்பி கறிக்குள் செல்லவும், மற்றொரு கம்பி கறி கிடக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் நிற்கவும் வசதியுள்ள இரட்டைக் கம்பி மானியாக அது இருக்கட்டும். மூடியில் பதித்திருக்கும் மானி குவிமாடத்தின் உச்சியில் உள்ள சூட்டைச் சொல்கிறது. கறியோ ஒரு சாண் கீழே கிடக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கரி எந்தப் பக்கம் இருக்கிறது, மானி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து நேரத்துக்கு நேரம் மாறும். ஆகவே ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ சரிக்கட்டிக்கொள்ள முடியாது. வாங்கிய மானியைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் இருக்கும் ஊரில் அது 100 காட்ட வேண்டும். டென்வர் போன்ற உயரமான ஊரில் நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கே 95 காட்டும் மானியைக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

பாம்பு போல் அடுக்கும் கரி

இளஞ்சூட்டுக்குக் கரியைக் குவித்துப் பற்றவைக்கக் கூடாது. ஒரு முனையில் பற்றிய நெருப்பு, அடுத்தடுத்த கரிக்கு மெல்ல ஊர்ந்து போகும்படி அடுக்க வேண்டும். இதைப் பாம்பு முறை என்பார்கள். ஊதுவத்தி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். எரியும் நுனி எப்போதும் ஒரே அளவில் இருக்கும், வத்தியின் நீளம் மட்டும் குறைந்துகொண்டே வரும். இங்கேயும் அப்படித்தான்.

இதற்குக் கட்டைக்கரி ஒத்துவராது. தூளாக்கிய கரியை அழுத்தித் தலையணை வடிவில் செய்த பிரிக்கெட்தான் வேண்டும், ஏனெனில் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் நெருப்பு ஒரே வேகத்தில் நகரும். 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான அடுப்பில், கரித்தட்டின் விளிம்பை ஒட்டிக் கலத்தின் சுவரோரமாக இரண்டு பிரிக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று சற்றே சாய்ந்திருக்குமாறு வட்டமாக அடுக்கிக்கொண்டே செல்லுங்கள். பிறகு அந்த வரிசையின்மேல் இன்னும் இரண்டு இரண்டாக ஓர் அடுக்கு. முக்கால் வட்டம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். என் அடுப்பில் இதற்கு ஏறக்குறைய 100 கட்டிகள் பிடிக்கின்றன. தலைக்கும் வாலுக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி இருப்பது முக்கியம். நெருங்கினால் நெருப்பு இரண்டு முனையிலிருந்தும் தொடங்கிவிடும். அடுக்கில் எங்கேனும் விரல் நுழையும் இடைவெளி விட்டுப்போனால், நள்ளிரவில் நெருப்பு அந்த இடத்தில் அணைந்து நிற்பதைக் காண்பீர்கள்.

அடுக்கின்மேல், முதல் பாதி நீளத்துக்கு மட்டும், முஷ்டி அளவுள்ள காய்ந்த மரத்துண்டுகளை நான்கைந்து விரற்கடை இடைவிட்டு வையுங்கள். நான்கு அல்லது ஐந்து துண்டுகள் போதும். கறியின் மேற்பரப்பு ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் முதல் சில மணி நேரங்களில்தான் புகை நன்றாகப் பிடிக்கிறது. மரத்தை நீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. மரத்துக்குள் நீர் அதிக ஆழம் போவதில்லை. போன நீர் ஆவியாகும் வரை நெருப்பைக் குளிரவைப்பதைத் தவிர அதனால் பயன் எதுவும் இல்லை. ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி ஆகிய மரங்களில் எது கிடைத்தாலும் தொடங்கலாம். டெக்சாஸில் மலிவாகக் கிடைக்கும் மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதன் புகை காரமானது. பத்து மணி நேரச் சமையலில் கசப்பேற்றிவிடும். விரைவாக வாட்டும் கறிக்கு அது நல்லது, இதற்கு ஒரு துண்டுக்குமேல் போட வேண்டாம்.

வட்டத்தின் நடுவே, கரித்தட்டின்மேல், ஓர் அலுமினியத் தட்டில் கொதிக்கும் நீரை ஊற்றி வையுங்கள். சூடு ஏறினால் நீர் ஆவியாகி அதை உறிஞ்சிக்கொள்ளும். கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் நெருப்பில் விழாமல் அதில் விழும். குளிர்ந்த நீரை ஊற்றினால் அது சூடேறும் வரை அடுப்பு மந்தமாகக் கிடக்கும், அதைக் கண்டு நீங்கள் துவாரத்தைத் திறப்பீர்கள், பிறகு சூடு கைமீறிப் போகும்.

கரி மூட்டும் குழாயில் பழைய செய்தித்தாளையோ மெழுகுக் கட்டியையோ வைத்து 8 முதல் 10 பிரிக்கெட்டுகளை ஓரங்களில் சாம்பல் பூக்கும் வரை மூட்டி, இடுக்கியால் எடுத்துப் பாம்பின் தலையில் வையுங்கள். மண்ணெண்ணெய் வகையறா எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெய் ஏற்றிய பிரிக்கெட்டையும் வாங்காதீர்கள். சாதாரணமாக வாட்டும்போது எல்லாக் கரியும் முதலிலேயே எரிந்து நாற்றம் போய்விடும். இங்கேயோ பத்து மணி நேரமும் புதிய கரி பற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், பத்து மணி நேரமும் கறியில் பெட்ரோல் வாசம் ஏறிக்கொண்டே இருக்கும்.

மூடியை, அதன் துவாரம் நெருப்பு இருக்கும் பக்கத்துக்கு நேரெதிரே வரும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் புகை கறியைக் கடந்து வெளியே போகும். நெருப்பு நகர நகர மூடியையும் திருப்பிக்கொண்டே வாருங்கள். மேல்துவாரத்தை முழுவதுமாகவோ பாதிக்குமேலோ திறந்து வைத்துவிட்டு, கட்டுப்பாட்டைக் கீழ்த்துவாரத்தில் மட்டும் வைத்துக்கொள்வது புதியவருக்கு எளிது. மேலே அடைத்தால் பழைய புகை உள்ளே தேங்கிக் கறியில் கசப்பாகப் படியும். வெளியே வரும் புகை மெல்லிய நீல நிறத்தில், சற்றுத் தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்க வேண்டும். அடர்ந்த வெண்புகை அடங்கும் வரை கறியை உள்ளே வைக்காமல் காத்திருங்கள்.

கறியில்லாத ஒத்திகை

முதல் முறை கறி வைக்காமலேயே நான்கு மணி நேரம் அடுப்பை ஓட்டிப் பாருங்கள். வீண் செலவு என்று தோன்றும்; பத்து மணி நேரச் சமையலின் நடுவே கற்றுக்கொள்வதைவிட இது மலிவு. கீழ்த்துவாரத்தை அரைவாசியில் வைத்துத் தொடங்கி, தட்டு மட்டத்துச் சூடு 90ஐத் தாண்டும்போதே கால்வாசிக்குக் குறைத்துவிடுங்கள். ஏற விட்டுவிட்டு இறக்குவது மிகவும் கடினம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை துவாரம் எந்தக் குறியில் இருக்கிறது, சூடு எவ்வளவு, காற்று வீசுகிறதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்தால் சூடு இறங்கும் என்பது பாதிதான் உண்மை. உள்ளே புகுந்த காற்றால் கரி கனன்று, மூடிய பிறகு சூடு முன்பைவிட மேலே போகும்.

ஒத்திகை முடிந்ததும் மேல், கீழ்த் துவாரங்கள் அனைத்தையும் இறுக மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மூடியைத் திறக்கும்போது கிடைக்கும் விடைதான் அடுத்த செலவைத் தீர்மானிக்கும். பற்றாத கரி பெருமளவு அப்படியே மிஞ்சியிருந்தால், உங்கள் அடுப்பு போதுமான அளவு இறுக்கமாக உள்ளது. கீழே சொல்லும் கேஸ்கெட் வேலையைத் தாண்டிப் போகலாம். பாம்பு முழுவதும் சாம்பலாகியிருந்தால், துவாரம் மூடிய பின்னும் இரவெல்லாம் நெருப்புக்குக் காற்று கிடைத்திருக்கிறது என்று பொருள்.

கசிவைக் கண்டு அடைத்தல்

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, நாலைந்து கங்குகளின்மேல் ஈரத் தேங்காய் நாரையோ காகிதத்தையோ போட்டு மூடி, துவாரங்களை அடைத்துவிட்டுப் புகை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கவனிப்பது. சாம்பிராணி போடலாமே என்று என் வீட்டில் ஒரு யோசனை வந்தது. போட்டிருந்தால் அடுத்த ஒரு மாதம் கறியில் வெள்ளிக்கிழமை வாசம் வந்திருக்கும்.

மூடியின் ஒரு பக்கத்தில் மட்டும் புகை வந்தால், வட்டம் சற்றே நெளிந்திருக்கக்கூடும். கோப்புகளில் போடும் பெரிய இரும்புக் கிளிப்புகள் நான்கை விளிம்பில் மாட்டி மறுபடியும் சோதியுங்கள். கிளிப்பிலேயே கசிவு நின்றுவிட்டால், அதோடு விட்டுவிடலாம். மூடியைக் கலத்தோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளை வாங்கித் திருகாணியால் பொருத்துவது அழகுக்குத்தான்.

அப்படியும் நிற்காவிட்டால் கேஸ்கெட் ஒட்ட வேண்டும். குக்கர் கேஸ்கெட் செய்யும் அதே வேலையை இங்கே சூடு தாங்கும் நோமெக்ஸ் நார்ப்பட்டை செய்கிறது. பிரியாணிக்குத் தம் போடும்போது பாத்திர விளிம்பில் மாவைத் திரித்து ஒட்டுவோம். அங்கே ஆவி வெளியே போகக் கூடாது, இங்கே காற்று உள்ளே வரக் கூடாது. 57 சென்டிமீட்டர் அடுப்பின் சுற்றளவு ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் என்பதால், 2 மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். மெல்லிய பட்டையாகப் பார்த்து வாங்குவது அவசியம். தடித்த பட்டையை ஒட்டினால் மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, பழைய கசிவைவிடப் பெரிய கசிவை உண்டாக்கும்.

ஒட்டும் முன்பு விளிம்பில் உள்ள பிசினை இப்போது முழுவதுமாகச் சுரண்டி, சோப்பு நீரால் கழுவி, காய்ந்த பின் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் ஒட்டாது. கலத்தின் உதட்டில் மூடி உட்காரும் கோட்டை ஒட்டி, பிடி இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, பட்டையை இழுக்காமல் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே செல்லுங்கள். இழுத்து ஒட்டினால் முதல் சூட்டிலேயே சுருங்கி வாயைப் பிளக்கும். இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நேருக்கு நேர் முட்டி நிற்கட்டும். மூடியைப் போட்டு, மேலே ஒரு செங்கல்லை வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கீழ்த்துவாரத்தின் தகடுகள் கலத்தோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தால், கழற்றிக் கையால் மெதுவாக வளைத்துப் படியவைக்கலாம். அச்சைச் சுற்றியுள்ள இடுக்குக்கு உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட, அதிகச் சூடு தாங்கும் சிலிக்கானை வெளிப்பக்கத்திலிருந்து பூசலாம். அச்சு சுழல்வதைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானிக் கம்பிக்கு ஒரு துளை

மானியின் கம்பிகளை மூடிக்கடியில் நசுக்கி உள்ளே விடுவதுதான் வழக்கம். கேஸ்கெட் ஒட்டிய பிறகு அது மீண்டும் ஒரு கசிவை உண்டாக்கும், கம்பியும் நாளடைவில் அறுந்துபோகும். ஆகவே இந்தக் கட்டத்தில்தான் டிரில்லுக்கு வேலை வருகிறது. துளையிட்டால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போகலாம் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

துளையின் விளிம்பில் பொருத்தும் சிலிக்கான் வளையத்தை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு ஏற்பத் துளையிடுங்கள். கம்பித்தட்டின் மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் பிடிகளிலிருந்து விலகி, நீங்கள் வழக்கமாகக் கரியைக் குவிக்காத பக்கத்தில் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலிக்கான் இளஞ்சூட்டைத் தாங்கும். பக்கத்திலேயே குவித்த கரியின் அனலைத் தாங்காது. அந்த இடத்தில் உள்ளும் புறமும் ஒட்டுத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு மரக்கட்டையை அணைவாக வைத்து, முதலில் 3 மில்லிமீட்டர் அலகால் மெதுவான சுழற்சியில் துளையிட்டு, பிறகு படிப்படியாக அகலும் கூம்பு அலகால் பெரிதாக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பீங்கான் பூச்சு என்பது கண்ணாடிதான். அதன் சில்லு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் துளையிட்டபோது, அலகு வழுக்கக் கூடாது என்று இரும்பில் செய்வதைப் போல ஆணியை வைத்துச் சுத்தியால் ஓர் அடி அடித்துக் குழி போட்டேன். பூச்சு பிறை வடிவில் சில்லுபோட்டுத் தெறித்தது. விரல் நகத்தளவு காயம்தான். இரண்டு பனிக்காலம் கழிந்தபோது அதைச் சுற்றித் துரு ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பரவியிருந்தது. ஆகவே சுத்தியைத் தொடாதீர்கள். துளை முடிந்ததும் வெட்டுவாயில் வெறும் இரும்பு தெரியும். அங்கே சூடு தாங்கும் பெயின்டை இரண்டு முறை பூசிக் காயவிட்ட பிறகே வளையத்தைப் பொருத்துங்கள். மானி போடாத நாளில் துளையை ஒரு துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் அடைத்து வைக்கலாம்.

குளிர்காலத்துக்கான சுவர்

பனி பெய்யும் மாதங்களில், அல்லது 130 டிகிரிக்குப் பக்கத்தில் சமைக்க விரும்பினால், பாம்பின் சூடு போதாமல் போகும். அப்போது கரித்தட்டின் ஒரு பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு இடத்தை உலைகளுக்குள் வைக்கும், சூடு தாங்கும் தீச்செங்கற்கள் இரண்டால் தடுத்து, அதற்குள் பற்றாத பிரிக்கெட்டை நிரப்பி, ஓர் ஓரத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கங்குகளை வைக்க வேண்டும். சாதாரணக் கட்டடச் செங்கல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் தீச்செங்கல்லே வேண்டும். கரி இல்லாத மிச்சப் பகுதியைக் கனத்த அலுமினியத் தாளை இரண்டாக மடித்து மூடிவிடுங்கள். கீழிருந்து வரும் காற்று கரியில்லாத பக்கமாக நழுவி மேலே போகாமல், கரிக்குள் புகுந்தே போகும். செலவில்லாத இந்தத் தாள், என் கணக்கில், கேஸ்கெட்டைவிட அதிகப் பயன் தந்தது.

கலத்துக்கும் மூடிக்கும் நடுவே வைக்கும் உயரவளையம், கீழ்த்துவாரத்தில் பொருத்திச் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் சிறு மின்விசிறி ஆகியவையும் கடைகளில் உள்ளன. வளையம் இடத்தைக் கூட்டும், கூடவே இன்னொரு கசியும் விளிம்பையும் கொண்டுவரும். விசிறி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கசிவை அடைக்காத அடுப்பில் அதை மாட்டுவது வீண். ஒரு வருடம் கையால் நடத்திப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

சில எச்சரிக்கைகள்

துத்தநாகம் பூசிய தகடு, வலை, திருகாணி எதையும் அடுப்புக்குள் பயன்படுத்த வேண்டாம். அதிகச் சூட்டில் அதிலிருந்து நச்சுப்புகை வரும். கரி எரியும்போது மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளியாகும். மழை வந்தாலும், குளிர் அடித்தாலும், கதவு திறந்திருக்கும் கார் கொட்டகைக்குள்கூட அடுப்பைக் கொண்டுபோகாதீர்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், மரப் பால்கனியிலும் கட்டடத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரியடுப்பை அமெரிக்காவின் பல ஊர்த் தீயணைப்பு விதிகள் தடைசெய்கின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் கறி

முதல் சமையலுக்குக் கொழுப்பு பரவிய தோள்கறியே உகந்தது. சூடு சற்று ஏறி இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். பன்றிக்கறி உண்ணாதவர்கள் எலும்போடு கூடிய செம்மறியாட்டு முன்சப்பையை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு. அதைப் பாதி வழியில் அலுமினியத் தாளில் சுற்றாவிட்டால் காய்ந்துவிடும். கோழி இந்த முறைக்கு ஏற்றதில்லை. அதற்குக் கரையக் கொலாஜன் அதிகம் இல்லை, இளஞ்சூட்டில் தோலும் ரப்பராகிவிடும்.

3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பன்றித் தோள்கறிக்கு 110 முதல் 120 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரமும், 2 கிலோ ஆட்டுச் சப்பைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரமும் ஒதுக்குங்கள். முந்தைய இரவே உப்பும் மிளகுத்தூளும் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும். வரமல்லியும் சோம்பும் வறுத்துப் பொடித்துச் சேர்ப்பது என் வழக்கம். மிளகாய்த்தூளை மட்டும் குறைத்துக்கொள்கிறேன், நீண்ட நேரச் சூட்டில் அது கறுத்துக் கசக்கிறது.

உட்சூடு 65க்கும் 75க்கும் இடையே எங்கேனும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். ஒரு மணி நேரமானாலும், இரண்டு மணி நேரமானாலும் எண் நகராது. நெருப்பு அணைந்துவிட்டதோ என்று புதியவர்கள் துவாரத்தைத் திறப்பது இங்கேதான். கறியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவது, வியர்வை உடலைக் குளிர்விப்பது போல அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. நெருப்பின்மேல் பிழை எதுவும் இல்லை. மேற்பரப்பு நன்றாகச் சிவந்து கறுத்திருந்தால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி மறுபடியும் வையுங்கள். ஆவியாவது நின்று சூடு ஏறத் தொடங்கும். ஆறேழு மணி நேரம் ஆனதும் சாம்பல் கீழ்த்துவாரத்தை அடைத்திருக்கும் என்பதால், பிடியை ஒரு முறை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு, பழைய குறிக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். உட்சூடு 93ஐத் தாண்டிய பிறகு மானிக் கம்பியைக் கறியில் பல இடங்களில் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல எதிர்ப்பின்றி இறங்கினால் வெந்துவிட்டது. எங்கேனும் தடுத்தால் இன்னும் அரை மணி நேரம். சுற்றிய தாளோடு அப்படியே ஒரு துண்டில் பொதிந்து, ஐஸ் போடாத காலி ஐஸ்பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு பிய்க்கலாம்.

கறியை எடுத்த கையோடு எல்லாத் துவாரங்களையும் மூடிவிடுங்கள். மறுநாள் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, உள்ளே கங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், இரண்டு நாள் கழித்தே குப்பையில் கொட்டுங்கள். பாதி எரிந்து மிஞ்சிய பிரிக்கெட்டுகளைச் சாம்பல் உதிரத் தட்டி எடுத்து வைத்தால், அடுத்த முறை பாம்பின் வால் பக்கத்துக்கு ஆகும். தலைப்பக்கத்தில் மட்டும் அவற்றை வைக்காதீர்கள். அளவு ஒழுங்கில்லாத கரியில் தொடக்கத்திலேயே நெருப்பு தடுமாறும்.